ஒலி வந்த வழி

எந்திரங்கள் பேசும் மொழி கடந்த முப்பது ஆண்டுகளில் மாறிவிட்டது. 2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் கார்கள் சாலைகளில் நிறைந்திருந்த நாள்களில், வண்டிக்கு ஏதேனும் நோவு என்றால் அது தன் உறுப்பாலேயே முனகும். பிரேக் தேய்ந்தால் கிறீச்சிடும், பேரிங் போனால் உறுமும், பெல்ட் தளர்ந்தால் அலறும். நோவு எங்கோ அங்கேதான் ஒலியும் பிறந்தது. இன்றைய கார்களில் நோவு ஓரிடத்திலும் அதை அறிவிக்கும் ஒலி வேறிடத்திலுமாகப் பிரிந்துவிட்டன. எல்லாக் குறைகளையும் ஒரே 'பீப்' என்னும் ஒற்றைச் சொல்லால் அறிவிக்கின்றன. பல பொருள் குறித்த ஒருசொல் என்று இலக்கணம் கற்பிக்கும் நமக்கு, வாசலில் நிற்கும் வண்டியே அதற்கு எடுத்துக்காட்டாகிவிடும் என்று யாரேனும் முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

2019 ஜூலை முதல் நாளிலிருந்து இந்தியாவில் விற்கப்படும் புதிய கார்களில் சில எச்சரிக்கை ஒலிகள் கட்டாயமாக்கப்பட்டன. முன்னிருக்கையில் இருப்பவர் சீட் பெல்ட் அணியாவிட்டால் ஓர் ஒலி. வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டு விட்டும், 120ஐத் தாண்டினால் தொடர்ந்தும் ஓர் ஒலி. பின்னோக்கி எடுக்கும்போது பின்னால் ஏதேனும் தட்டுப்பட்டால் இன்னோர் ஒலி. இவற்றோடு கதவு சரியாக மூடாமை, விளக்கை அணைக்காமை, எரிபொருள் குறைவு என்று நிறுவனங்கள் தாமாகச் சேர்த்தவையும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தாளமும் இடைவெளியும் வேறு. பழகியவர்க்கு அவை பிரித்தறியக் கூடியவையே.

கும்பகோணத்தில் நாங்கள் வாங்கிய பழைய வண்டியில் எழுந்த ஒலி இவற்றில் எதனோடும் ஒட்டவில்லை. காலையில் புறப்பட்டு ஓரிரு கிலோமீட்டர் சென்றதும் மெல்லிய கீச்சொலி நான்கு முறை எழும். சற்றுப் பொறுத்து மீண்டும் நான்கு. தாராசுரம் தாண்டும்வரை இப்படி ஒலித்துவிட்டு, பாபநாசம் நெருங்குகையில் தானாக அடங்கிவிடும். மாலையில் திரும்பி வருகையில் அநேகமாக ஒலிப்பதே இல்லை. முன்பலகையில் எந்த விளக்கும் எரிவதில்லை.

முதலில் ஐயத்துக்கு உள்ளானது முன்னிருக்கை. அதனடியில் எடையை உணரும் கருவி ஒன்று உண்டு. விடைத்தாள் கட்டொன்றை அதன்மேல் வைத்தாலும், யாரோ உட்கார்ந்து பெல்ட் அணிய மறுக்கிறார் என்று எண்ணிக்கொண்டு அது முறையிடத் தொடங்கும். கட்டுகளைப் பின்னால் மாற்றினோம். ஒலி நிற்கவில்லை. வேகமோ நாற்பதைத் தாண்டியதில்லை. கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து அறைந்து சாத்திப் பார்த்தாயிற்று. சாவியின் மின்கலமும் புதிதாயிற்று.

பட்டறையில் மெக்கானிக் தம் ஸ்கேனரை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி, திரையைக் காட்டினார். "ஒரு கோளாறும் காட்டலை சார். வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றார். ஒலித்துக் காட்டும்படி வண்டியைக் கேட்டுக்கொள்ள வழியில்லை. நண்பகல் வெயிலில் அது மௌனம் காத்தது. வண்டியின் கணினிக்கே தெரியாத ஒலி என்பதுதான் எங்களை உண்மையில் கலவரப்படுத்தியது.

o

ஒலி எங்கிருந்து வருகிறது என்பதைக்கூட எங்களால் சொல்ல முடியவில்லை. ஓட்டுபவர் இடப்பக்கம் என்றால் பின்னிருப்பவர் மேலே என்பார். இது எங்கள் செவியின் குறையன்று. செவிக்கென்று இயல்பாகவே உள்ள எல்லை அது. இரண்டு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் நேர வேறுபாட்டைக் கொண்டு தாழ்ந்த சுருதிகளின் திசையை மூளை கணிக்கிறது. உயர்ந்த சுருதிகளைத் தலை மறைப்பதால் ஒரு காதில் ஒலி மங்குகிறது, அந்த வேறுபாட்டால் அவற்றின் திசை புலப்படுகிறது. இரண்டுக்கும் இடைப்பட்டு, ஏறத்தாழ 1,500 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் இரண்டு முறைகளுமே தடுமாறுகின்றன. எச்சரிக்கைக் கருவிகளின் சிறு வில்லைகள் பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான் ஒலிக்கின்றன. மின்னழுத்தம் கொடுத்தால் அதிரும் இத்தகைய படிகப் பொருள்களின் இயல்பு, 1881இல் பியேர் கியூரி, ஜாக் கியூரி சகோதரர்களின் ஆய்வில் உறுதிப்பட்டது. மலிவானது, சிறியது, செவியில் உறைப்பது என்பதால் எங்கும் பரவிவிட்டது. போதாக்குறைக்குக் காரின் உட்புறம் கண்ணாடியால் சூழப்பட்ட சிறு அறை. ஒலி நான்கு பக்கமும் மோதித் திரும்பி, பிறந்த இடத்தின் அடையாளத்தை அழித்துவிடுகிறது.

ஆகவே இடத்தை விட்டுக் காலத்தைப் பின்தொடர்வது என்று முடிவாயிற்று. ஏட்டுச் சுவடிகளில் பாடவேறுபாடு குறிக்கும் பழக்கம் கைகொடுத்தது. ஒரு குறிப்பேட்டில் நாள், நேரம், இடம், வேகம், வெயிலா பனியா, வண்டிக்கு அன்று என்ன செய்யப்பட்டது என்பவற்றை மூன்று வாரம் பதிந்துவந்தோம். தை மாதம். விடியலில் இருபது டிகிரியை ஒட்டியும் பிற்பகலில் முப்பதை ஒட்டியும் வெப்பம் இருந்த நாள்கள். பக்கங்களைப் பரப்பிப் படித்தபோது இரண்டு செய்திகள் துலங்கின. ஒலி குளிர்ந்த காலைகளுக்கே உரியதாக இருந்தது. பெட்ரோல் பங்கில் டயர்களுக்குக் காற்றடித்த மறுநாளிலிருந்து நான்கைந்து நாள் ஒலியே இல்லை. பிறகு மெல்லத் திரும்பியது. முதலில் ஒரு கிலோமீட்டர் தொலைவுக்கு, பின்னர் ஐந்து, பின்னர் பத்து என்று.

குறிப்பேட்டைப் பார்த்த மெக்கானிக்கின் முகம் மாறியது. வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் டயரின் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரைப் பவுண்டு குறையும். சக்கரம் உருண்டு சூடேறினால் அழுத்தமும் ஏறும். காலையில் எல்லைக்குக் கீழிருந்த ஏதோ ஒன்று, பாபநாசத்துக்குள் எல்லைக்கு மேலே வந்துவிடுகிறது. "வண்டியில டயர் பிரஷர் பாக்குற கருவி இருக்கா சார்?" என்றார். எங்கள் வண்டியின் அந்த வகையில் நிறுவனம் அதைப் பொருத்தவில்லை. "முன்னாடி வச்சிருந்தவர் வெளியில வாங்கி மாட்டியிருப்பார்" என்றார் அவர்.

மறுநாள் விடியலில் ஒன்றரை அடி பிளாஸ்டிக் குழாயோடு வந்து முன்னிருக்கையில் அமர்ந்தார். ஒரு முனையைத் தம் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை முன்பலகை நெடுக நகர்த்தினார். 1816இல் பாரிசில் ரெனே லென்னெக் என்ற மருத்துவர் தாளைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்து இதயத்தைக் கேட்டதிலிருந்து ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. பட்டறைக் குழாய் அந்தத் தாளின் தம்பி எனலாம். தாராசுரத்துக்கு முன்பாகவே வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டார்.

இடப்பக்கச் சிறு பெட்டியைக் கழற்றினால், அதன் பின்னே ஒயர்களோடு ஒயராகத் தீப்பெட்டியளவில் ஒரு திரை தொங்கிக்கொண்டிருந்தது. விற்குமுன் முன்பலகையைத் துப்புரவாகக் காட்ட, அதைப் பெயர்த்து உள்ளே தள்ளியிருக்கிறார்கள் போலும். மின்னிணைப்பைத் துண்டிக்கவில்லை. சக்கரங்களின் உள்ளே இருக்கும் உணரிகள் வானொலி அலையில் அதனோடு பேசிக்கொண்டே இருந்திருக்கின்றன. வண்டியின் கணினியோடு அதற்கு உறவில்லை, ஆகவே ஸ்கேனருக்கும் தெரியவில்லை. இருட்டில் கிடந்த அந்தத் திரையில் மூன்று சக்கரங்கள் 32, 33, 32 என்றிருந்தன. பின்னிடது சக்கரம் 24.

அந்தச் சக்கரத்தின் பள்ளத்தில் தலை தேய்ந்த ஆணியொன்று பதிந்திருந்தது. டியூப் இல்லாத டயரில் ஆணியே அடைப்பாகவும் நின்று, காற்றை நாளுக்குச் சிறிது என்ற கணக்கில் வெளியே விடும். அழுத்தம் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து சூடேறும், நெடுஞ்சாலை வேகத்தில் அது வெடிக்கவும் கூடும். அடுத்த வாரம் நாங்கள் மதுரைக்குப் புறப்படுவதாக இருந்தோம்.

o

இந்த ஆய்வுக்கு இடையில் இன்னொன்றும் தெரியவந்தது. சொல்லப்போனால் அதற்காகத்தான் இதை எழுதுகிறோம்.

குறிப்பேட்டின் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள், அப்பாவைக் கண் பரிசோதனைக்குத் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்றோம். எழுபத்தெட்டு வயது. முன்னிருக்கையில் அமர்ந்திருந்தார். ஒலி அவர் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னாலிருந்து எழுந்திருக்கிறது என்பதை இப்போது அறிவோம். அன்று, "அப்பா, உங்க பக்கத்திலேர்ந்துதானே வருது?" என்று கேட்டோம்.

"என்ன வருது?" என்றார்.

"அந்தச் சத்தம்."

"எதிர்ல பஸ் வர்ற சத்தமா?" என்றார். தொலைவில் வந்த பேருந்தின் உறுமல் அவருக்கு எங்களுக்கு முன்பே கேட்டிருந்தது. கீச்சொலி மீண்டும் நான்கு முறை எழுந்தது. அவர் வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓராண்டாக அப்பாவைப் பற்றி உறவினரிடையே ஒரு பேச்சு இருந்தது. ஞாபகம் தப்புகிறது, கேட்டதற்குப் பதில் வேறாக வருகிறது, ஆரம்பத்திலேயே பார்த்துவிடுவது நல்லது என்று. அவர்கள் சொன்னதற்குச் சான்றுகளும் இல்லாமலில்லை. "தாள் எங்கே வச்சீங்க?" என்றால், "பால் அடுப்பிலே இருக்கு" என்பார். "பத்து நாள்" என்றால் "பட்டா?" என்பார். பேரப்பிள்ளை ஏதேனும் சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார். கூடத்தில் பலர் பேசும்போது எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். "எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசறீங்க" என்பது அவர் தரப்பு.

அன்றே தஞ்சாவூரில் செவிப் பரிசோதனைக்கும் ஏற்பாடாயிற்று. 250 ஹெர்ட்ஸிலிருந்து 8,000 வரை ஒவ்வொரு சுருதியாக எழுப்பி, எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்று குறித்தார்கள். தாளில் கிடைத்த கோடு, முதல் பாதியில் ஏறத்தாழச் சமமாகச் சென்று, 2,000ஐத் தாண்டியதும் மலைச்சரிவாக இறங்கியது. முதுமையில் பரவலாக நிகழ்வதுதான். உட்செவியின் நத்தையெலும்பில் உயர்ந்த சுருதிகளை வாங்கும் நுண்மயிர்ச் செல்கள் வாயிலருகே இருக்கின்றன, தாழ்ந்தவற்றுக்குரியவை சுருளின் உச்சியில். எந்தச் சுருதிக்கு நத்தையின் எந்த இடம் அசைகிறது என்பதைக் கண்டவர் கியார்க் வான் பெகேசி. அதற்காகவே 1961இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வாயிலருகே இருப்பவைதாம் வயதில் முதலில் அழிகின்றன.

அந்தக் கோட்டை விளக்கிய பரிசோதகர் சொன்ன ஒரு செய்தி, தமிழ் படித்தவர்களாகிய எங்களுக்கு வேறுவிதமாகக் கேட்டது. உயிரெழுத்துகளின் வலு தாழ்ந்த சுருதிகளில் இருக்கிறது. க, ச, ட, த, ப ஆகியவற்றைத் தம்முள் வேறுபடுத்தும் நுட்பமான வெடிப்பும் உரசலும் பெரிதும் உயர்ந்த சுருதிகளில் இருக்கின்றன. ஆகவே இந்த வகைச் செவிக்குப் பேச்சு கேட்கவே செய்யும், ஆனால் விளங்காது. தாளும் பாலும் காலும் ஒன்றேபோல ஒலிக்கும். மெய் மறைந்து உயிர் மட்டும் வந்து சேரும். எஞ்சியதைக் கேட்பவர் ஊகித்து நிரப்பிக்கொள்ள வேண்டும். சிதைந்த ஏட்டை வைத்துக்கொண்டு மூலபாடம் தேடுகிறவரின் வேலை அது. அதையே ஒவ்வொரு வாக்கியத்துக்கும், ஓடுகிற பேச்சின் நடுவே, அப்பா தனியாகச் செய்துவந்திருக்கிறார். களைத்துத் திண்ணைக்குப் போனதில் வியப்பில்லை. அவருடைய பதில்கள் பிழையானவை அல்ல, அவருக்குக் கிடைத்த பாடத்துக்குப் பொருத்தமானவை.

தொல்காப்பியத்தின் பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றில் எவ்வாறு எழுத்தாகிறது என்று வகுக்கிறது. பல ஆண்டுகளாக வகுப்பில் அதை நடத்திவருகிறோம். ஒலி புறப்படும் இடங்களைப் பற்றிய நூற்பாக்கள் அவை. போய்ச் சேரும் இடத்தைப் பற்றி அங்கே பேச்சில்லை. ஆனால் அதே நூலின் மரபியல் உயிர்களை அறிவால் வகைப்படுத்தும்போது, மெய், நா, மூக்கு, கண் என்று ஏறி, ஐம்பொறிகளில் கடைசியாகச் செவியை வைக்கிறது. அதற்கடுத்த படி மனம். செவி மனத்தின் வாயிற்படியில் இருக்கிறது. படியில் விளக்கு அணைந்தால், உள்ளேயே இருட்டு என்று வெளியிலிருப்பவர் எண்ணிவிடுகிறார்கள்.

இப்போது அப்பாவுக்குச் செவிக்கருவி வந்துவிட்டது. முதல் வாரம் அவருக்குத் தொல்லையாகவே இருந்தது. செய்தித்தாள் மடிக்கும் ஓசை, எண்ணெயில் கடுகு வெடிப்பது, தம் செருப்பின் உரசல் என்று பல ஆண்டுகளாக வராதவையெல்லாம் ஒன்றாக வந்து நின்றன. பழகிக்கொள்ளச் சில மாதங்கள் ஆகும் என்றார்கள். எங்களுக்கும் சில பாடங்கள் உண்டு. உரக்கக் கத்துவதால் உயிரொலிதான் பெருக்கும், மெய் தெளியாது. முகத்தை நோக்கி, சற்றே நிறுத்தி, உதடு தெரியப் பேச வேண்டும். அடுக்களையிலிருந்து கூடத்துக்குக் குரல் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிட்டோம்.

சென்ற வாரம் பேரப்பிள்ளை அவரிடம் "தாத்தா, காசு வேணும்" என்று கேட்டான். "காசா, காதா?" என்று திருப்பிக் கேட்டார். இரண்டையும் வேறு வேறாக உச்சரித்துத்தான் கேட்டார். அவர் சிரித்ததில் குறும்பு இருந்தது.