மூன்றாவது உரிமையாளர்

உடன்குடிக்குக் கருப்பட்டி வாங்க வருகிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் முதலில் ஒரு வட்டை உடைத்துப் பார்ப்பார்கள். உடைந்த முகம் மங்கிய பழுப்பாக இருந்தால் அது பதநீரை மட்டும் காய்ச்சியது. பளபளவென்று மின்னினால் சீனி கலந்தது. பிறகு ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துக் கரைய விடுவார்கள். அசல் சரக்கு அவசரப்படாமல் கரையும். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆயினும் உடைத்துப் பார்க்கும் வழக்கம் நின்றுவிடவில்லை. விற்பவருக்குத் தெரிந்ததும் வாங்குபவருக்குத் தெரியாததுமான ஏதோ ஒன்று ஒவ்வொரு வட்டுக்குள்ளும் இருக்கிறது என்பதே இதன் பொருள்.

இதே விஷயத்தை அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ஆம் ஆண்டு ஒரு கட்டுரையாக எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் பழைய கார். ஓட்டைக் காரை அமெரிக்க வழக்கில் ‘எலுமிச்சை’ என்பார்கள்; கட்டுரையின் தலைப்பும் அந்தச் சொல்லைக் கொண்டதுதான். அவருடைய வாதம் எளிமையானது. எது நல்ல கார், எது ஓட்டைக் கார் என்று வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே இரண்டிற்கும் நடுவான ஒரு விலையைத்தான் அவர் தர முன்வருவார். அந்த விலை நல்ல கார் வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகாது. அவர் சந்தையை விட்டு விலகிவிடுவார். எஞ்சி நிற்பவை ஓட்டைகளே. சீனி கலந்த கருப்பட்டி மலிவாக வந்து நல்ல கருப்பட்டியை நெருக்குவதைக் கண்கூடாகப் பார்த்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. எனினும் 2001-ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றவர் அகர்லாஃப்தான்.

பழைய சிறு கார் ஒன்றோடு பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் என்ற முறையில், அவர் கட்டுரை முடிகிற இடத்திலிருந்து சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறோம். காரை வாங்கியது அண்ணன் தம்பி இருவர் குடும்பமும் சேர்ந்து. ஆகவே ‘நாங்கள்’ என்றே எழுதுகிறோம்.

*

உடன்குடிக்கு ரயில் கிடையாது. திசையன்விளையிலிருந்து உடன்குடி வழியாகத் திருச்செந்தூருக்குப் பாரி கம்பெனி நடத்திய சிறு ரயில் ஒன்று இருந்தது. அது 1940-ஆம் ஆண்டோடு நின்றுபோனது. அதன் பின் பேருந்துதான். பகலில் குறையில்லை. இரவு பத்து மணிக்கு மேல் யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால் வாடகை வண்டிக்காரரை எழுப்ப வேண்டும். அம்மாவுக்கு இதயக் கோளாறு என்று தெரிந்த 2013-ஆம் ஆண்டில்தான் சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்று முடிவு செய்தோம். புதிய கார் வாங்க வசதியில்லை.

அகப்பட்டது 2006-ஆம் ஆண்டு மாருதி 800, நெல்லைப் பதிவெண். விலை தொண்ணூற்றையாயிரம். ஆர்.சி. புத்தகத்தின்படி நாங்கள் மூன்றாவது உரிமையாளர். முதலாமவர் பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் என்றும், இரண்டாமவர் ஒரு வியாபாரி என்றும் புரோக்கர் சொன்னார். “ஒரு குறையும் இல்ல அண்ணாச்சி, ஆசிரியர் வண்டி” என்று சொன்னபோது, நடுவில் இருந்த வியாபாரியை அவர் லாவகமாகத் தாண்டிச் சென்றதைக் கவனித்தோம்.

மாருதி 800-ஐப் பற்றி இரண்டு வார்த்தை. 1983 டிசம்பரில் இந்திரா காந்தி முதல் வண்டியின் சாவியை வழங்கினார். விலை ஐம்பதாயிரத்திற்குள் இருந்தது. அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்க வேண்டியவையாக இருந்த காலம் அது. மூன்று சிலிண்டர், 796 சிசி. முன்சக்கரங்கள் இழுக்க, பின்சக்கரங்கள் கூட வரும். 1986-இல் மாறிய உடல் வடிவம் சிறு திருத்தங்களோடு 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும்வரை நீடித்தது. அதே காரை மெஹ்ரான் என்ற பெயரில் பாகிஸ்தானில் 2019 வரை செய்தார்கள். எல்லைக்கு இருபுறமும் நடுத்தரக் குடும்பங்கள் ஒரே பின்னிருக்கையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து போயிருக்கின்றன. இதே என்ஜினை ஆம்னியும் ஆல்டோவும் பகிர்ந்துகொண்டதால், உற்பத்தி நின்ற பின்னும் உதிரிபாகத்திற்கு நாங்கள் அலைந்ததில்லை.

*

வாங்கும் முன் எங்கள் மெக்கானிக் சோதித்த விதம் கருப்பட்டி உடைப்பதை ஒத்திருந்தது. பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் கதவுகளின் அடிப்பகுதியில் வைத்துப் பார்த்தார். தகட்டில் ஒட்டும், பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்த இடத்தில் ஒட்டாமல் விழும். இடப்பக்கம் இரண்டு இடங்களில் விழுந்தது. ஆயில் மூடியைத் திறந்து உட்புறம் வெள்ளையாக நுரைத்திருக்கிறதா என்று பார்த்தார். இருந்தால் தண்ணீர் ஆயிலில் கலக்கிறது என்று பொருள். புகை நீலமாக வருகிறதா என்று பார்த்தார். வந்தால் என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. கடைசியாகக் குனிந்து கிளட்ச் பெடலின் ரப்பரைத் தடவினார். அறுபத்திரண்டாயிரம் கிலோமீட்டர் என்று மீட்டர் சொல்லியது. ரப்பரோ வழவழவென்று தேய்ந்திருந்தது. “மீட்டர் பொய் சொல்லும், பெடல் சொல்லாது” என்றார். இருந்தும் வாங்கலாம் என்றார். காரணம், பொய் எந்த அளவு என்பது தெரிந்துவிட்டது.

பழைய காரோடு வாழ்வதென்பது முன்னவர்களின் பழக்கங்களோடு வாழ்வது. பழைய புத்தகக் கடையில் வாங்கிய நூலில் யாரோ அடிக்கோடிட்ட வரிகளை நாம் சற்று நின்று வாசிப்போமல்லவா, அதைப்போல. கிளட்ச்சின் மேல் காலை வைத்தபடியே ஓட்டும் வழக்கம் இருவரில் ஒருவருக்கு இருந்திருக்கிறது. முதலாண்டிலேயே கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டியதாயிற்று. ஓட்டுநர் இருக்கை ஒரு குறிப்பிட்ட நிலையில் இறுகி, எத்தனை இழுத்தாலும் பின்னால் நகராது. குட்டையான ஒருவருக்கென்றே அமைந்த இடம். பின் இடக்கதவைச் சற்றுத் தூக்கித்தான் சாத்த வேண்டும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் உறவினர்களின் புத்தம்புதுக் கார்களிலும் கதவைத் தூக்கிச் சாத்தி வசை வாங்கியிருக்கிறார்கள்.

இந்த ஊரில் காருக்கு இரண்டு எதிரிகள். கடல் ஐந்தாறு கிலோமீட்டரில் இருக்கிறது. உப்புக்காற்று தகட்டை அடியிலிருந்து தின்னும். பழைய என்ஜின் ஆயிலை அடித்தளத்தில் பூசுவது இங்குள்ள வழக்கம். நாங்களும் ஆண்டுதோறும் பூசினோம். ஆயினும் இடப்பக்கக் கால்மிதிக்குக் கீழே இரண்டு முறை தகடு வைத்துப் பற்றவைத்தோம். மற்றது தேரிமணல். ஆனி, ஆடிக் காற்றில் செம்மண் சாலையோரம் வந்து குவிந்துகிடக்கும். ஒதுங்கினால் முன்சக்கரம் புதைந்துவிடும். ஆனால் அறுநூற்றைம்பது கிலோ சொச்சம் எடையுள்ள வண்டி இது. நான்கு பேர் சேர்ந்தால் தூக்கி வைத்துவிடலாம், அந்த நான்கு பேரும் எப்போதும் கிடைத்தார்கள். பெரிய கார் புதைந்தால் டிராக்டர் தேட வேண்டும்.

பழைய சிறு கார் வைத்திருப்பவர்களின் மனநிலை ஒரே மாதிரியானது அல்ல. கீறல் விழுமோ என்ற கவலையில்லாமல் குலசை தசராக் கூட்டத்திற்குள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த முடிவதையே பெரிய விடுதலையாகச் சொல்லும் நண்பர் ஒருவர் உண்டு. திருமண மண்டபங்களில் கடைசி வரிசையில், புளியமரத்திற்குப் பின்னால் நிறுத்துகிறவரும் உண்டு, நிழலுக்காக என்பார். மாதாமாதம் கடன் தவணை கட்டுகிறவர்களைப் பார்த்து மனத்திற்குள் கணக்குப் போட்டு மகிழ்கிறவர்கள் உண்டு. அந்தக் கணக்கில் மெக்கானிக்கிடம் காத்திருந்த நாட்கள் சேர்வதில்லை. எங்களிடம் இந்த மூன்றும் மாறி மாறி இருந்தன.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வோம். சந்தேகத்தோடு வாங்கிய அந்தப் பொருளை மூன்று நான்கு ஆண்டுகளில் எங்கள் கையெழுத்தைப் போல அறிந்துகொண்டோம். பெட்ரோல் முள் கால் பாகத்தைக் காட்டினால் டாங்க் காலி என்று பொருள். ஏ.சி. போட்டுக்கொண்டு நெரிசலில் நின்றால் வெப்பமுள் ஏறும், அணைத்துவிட்டால் இறங்கும். அம்மாவைப் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை திருநெல்வேலிக்கு அழைத்துச் சென்ற இரண்டு ஆண்டுகளில், பின்னிருக்கையில் தலையணை வைத்துப் படுக்கவைத்துக்கொண்டு போனோம். ஒருமுறைகூட வண்டி வழியில் நின்றதில்லை. அது நல்ல வண்டி என்பதைவிட, எப்போது நிற்கும் என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது என்பதே காரணம்.

*

மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்த உபயோகக் காரின் பதிவு பதினைந்து ஆண்டுக்குத்தான். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனை செய்து புதுப்பிக்க வேண்டும். 2021-இல் நாங்கள் புதுப்பித்தபோது மத்திய விதியின்படி அதற்கான கட்டணம் அறுநூறு ரூபாய். 2022 ஏப்ரலிலிருந்து அது ஐயாயிரம் ஆயிற்று. இருபது ஆண்டைத் தாண்டிய கார்களுக்குப் பத்தாயிரம் என்று 2025 ஆகஸ்டில் அறிவித்தார்கள். பழைய வண்டிகளைச் சாலையிலிருந்து அகற்றுவதே நோக்கம். புகையைப் பற்றிய அந்தக் கவலை நியாயமானதே. எங்கள் வண்டிக்கு 2026-இல் இருபது நிறைகிறது. அம்மாவும் இல்லை. விற்றுவிடுவது என்று தீர்மானித்தோம்.

கேட்டு வந்தவர் பக்கத்துக் கிராமத்து இளைஞர். அவருடைய தந்தைக்கு வாரம் இருமுறை தூத்துக்குடியில் டயாலிசிஸ். வாடகைக் கார் கட்டுப்படியாகவில்லை. புதுப்பிப்புக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் வந்திருந்தார். நாற்பதாயிரம் என்றோம், வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சம்மதம் என்றார். காந்தமோ மெக்கானிக்கோ உடன் வரவில்லை.

அன்றிரவு எங்களுக்குள் கருத்து ஒன்றாக இல்லை. நாம் வாங்கியபோது யாரும் நமக்கு எதையும் சொல்லவில்லை; நாமாகக் கண்டுபிடித்தோம்; சந்தையின் வழக்கம் அதுதான் என்றார் எங்களில் ஒருவர். அதில் தவறில்லை. பழைய கார் விலை என்பதே அறியாமைக்கும் சேர்த்துக் கழித்துத் தரும் விலைதானே. மற்றவர் கேட்ட கேள்வி வேறு: அந்தப் பெரியவரைப் படுக்கவைத்துக்கொண்டு போகும்போது ஆத்தூர் தாண்டி வண்டி நின்றால் யார் கணக்கில் சேரும்? முன்பு ஒளித்தவர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது. இப்போது அறிந்தவர்கள் நாங்கள் மட்டுமே. அகர்லாஃப் சொல்லும் அந்த இடைவெளியின் மறுகரைக்கு, நாங்கள் நகராமலேயே வந்து சேர்ந்திருந்தோம்.

விடிவதற்குள் ஒரு தாளில் எழுதினோம். டைமிங் பெல்ட் 2021-இல் மாற்றியது, அடுத்தது நெருங்குகிறது. ரேடியேட்டர் ஹோஸ் பழையது. இடப்பக்க அடித்தகடு இரண்டு முறை பற்றவைத்தது, தகுதிச் சோதனையில் கேட்பார்கள். நெரிசலில் ஏ.சி. வேண்டாம். ஸ்டெப்னி டயரை நம்ப வேண்டாம். பெட்ரோல் முள்ளையும்.

இளைஞர் தாளை நின்றபடியே வாசித்தார். “இதுல எழுதாதது ஏதும் உண்டுமா அண்ணாச்சி?” என்று கேட்டார். எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்றோம். பெல்ட்டுக்கும் தகட்டுக்கும் ஆகும் செலவை விசாரித்துவிட்டு மறுநாள் வந்தார். முப்பத்திரண்டாயிரத்திற்கு முடிந்தது. எட்டாயிரம் ரூபாய் குறைந்ததைப் பற்றி வீட்டில் சில நாட்கள் பேச்சு இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டோம். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டோம். விற்றவர் பதினான்கு நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்பதால் அதையும் செய்தோம். புத்தகத்தில் இப்போது நான்காவது பெயர்.

இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். தூத்துக்குடியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். முள் கால் பாகத்திற்கு வந்தது, ஆறுமுகநேரியில் நிறுத்திப் பெட்ரோல் போட்டுவிட்டேன் என்றார். அப்பா பின்னால் தூங்குகிறார் என்றும் சொன்னார்.