பழைய வீட்டுக் குரல்

2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் வனவிலங்குப் பூங்காவிடம் வெவ்வேறு வீட்டார் ஐந்து ஆபிரிக்கச் சாம்பற்கிளிகளை ஒப்படைத்தனர். ஐந்தையும் ஒரே அறையில் வைத்தார்கள். ஒரு கிளி வசைமொழி பேசும். மற்றொன்று மனிதரைப் போலவே சிரிக்கும். ஊழியரும் சிரித்தனர். சிரிக்கச் சிரிக்க வசை பெருகியது. சிறுவர் செவியிற் படலாகாதென்று நிருவாகம் அவற்றைப் பிரித்து வைத்தது. பத்திரிகைகள் இதனை வேடிக்கைச் செய்தியாக வெளியிட்டன. என் மாணவன் ஒருவன் அதனை வகுப்பில் வாசித்தபோது எல்லோரும் சிரித்தோம். சிரித்து ஓய்ந்த பின் எனக்குள் ஒரு வினா எஞ்சியது. அவ்வசையை முதலிற் சொன்ன வாய் யாருடையது? யாரை நோக்கிச் சொன்னது?

கிளி காட்டிலே கூட்டமாக வாழும் பறவை. ஒன்று அழைக்க மற்றொன்று பதிலழைக்கும். அவ்வாறே கூட்டம் கலையாது நிற்கிறது. தனியே கூண்டில் அடைபட்ட கிளிக்கு வீட்டாரே கூட்டம். எந்த ஒலிக்கு அவர்கள் திரும்பிப் பார்க்கிறார்களோ, அந்த ஒலியை அது பற்றிக்கொள்கிறது. மெல்லச் சொல்லும் அன்பு மொழியினும், உரத்துச் சினந்து சொல்லும் சொல் அதற்கு எளிதிற் பதிகிறது. மனனம் செய்து ஒப்புவிக்கும் மாணவனைக் 'கிளிப்பிள்ளை' என்று நாம் ஏசுகிறோமே, அது கிளிக்குச் செய்யும் அநீதி. ஐரீன் பெப்பர்பேர்க் என்னும் அமெரிக்க அறிஞர் 1977 முதல் வளர்த்துப் பயிற்றிய அலெக்ஸ் என்ற சாம்பற்கிளி, 2007இல் இறக்குமுன் நிறமும் வடிவமும் எண்ணிக்கையும் கேட்டால் விடை சொல்லக் கற்றிருந்தது.

கிளியை வீடு மாற்றினாலும் குரல் மாறுவதில்லை. என் சிறுவயதில், மாற்றலாகிப் போன உத்தியோகத்தர் ஒருவர் தம் வீட்டுப் பச்சைக்கிளியை எங்களிடம் விட்டுச் சென்றார். இரண்டு கிழமை அது வாய் திறக்கவில்லை. பின்னர் ஒரு விடியற்காலையில் அலறியது: "ஏய் பெட்டை! எங்கையடி போனாய்?" அந்த வீட்டம்மாவின் குரல் அப்படியே இருந்தது. கோவில் வீதியில் நாங்கள் கேட்டறிந்த குரலன்று, உள்வீட்டுக் குரல். அடுத்த கணமே, தாழ்ந்த, மெல்லிய இன்னொரு குரல்: "வாறன் அம்மா."

அவ்வீட்டில் மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து கொண்டுவரப்பட்ட பத்து வயதுச் சிறுமியொருத்தி வேலை செய்தாள். அயலார் கிளியின் வித்தையைக் கேட்டுச் சிரிக்க வந்தனர். என் அம்மா மட்டும் "வாறன் அம்மா" என்ற குரல் எழும்போதெல்லாம் கைவேலையை விட்டுத் திரும்பிப் பார்ப்பார். அச்சிறுமி எங்கே போனாளென்று ஒருவருக்கும் தெரியாது. கிளி எத்தனையோ சொல்லிற்று. அவள் பெயரை ஒருநாளும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அதனை எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள் போலும்.

சாம்பற்கிளியும் அவ்வாறு பிடித்துக் கொண்டுவரப்பட்ட இனந்தான். மேற்கு, மத்திய ஆபிரிக்கக் காடுகளிற் பசை தடவியும், கூட்டிலிருந்து குஞ்செடுத்தும் பிடித்து, செல்வ நாடுகளின் வரவேற்பறைகளுக்கு விற்றார்கள். கானாவில் 1992க்குப் பின் அவ்வினத்தின் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கும் மேல் அழிந்தது. காட்டிற் பிடித்த சாம்பற்கிளிகளின் சர்வதேச வணிகத்தைத் தடைசெய்யும் முடிவு 2016இலேதான் எடுக்கப்பட்டது. கூண்டில் அது நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வாழவல்லது. வாங்கியவருக்கு முதுமை வரும், மரணம் வரும், சலிப்பும் வரும்; கிளி கைமாறும்.

லிங்கன்ஷயரில் அத்தகைய கிளிகள் எட்டாகப் பெருகின. 2024இல் பூங்காவினர் வேறொரு வழியை எடுத்தனர். அவற்றை இனியும் ஒதுக்கி வையாமல், ஏறத்தாழ நூறு கிளிகள் கொண்ட பெருங்கூட்டத்தில் விட்டனர். தனிச்சிறையைவிட இது நல்ல வைத்தியமென்றே எனக்குப் படுகிறது. கூட்டத்துக் கிளிகள் எழுப்பும் மின்னடுப்பு மணியோசையையும், பின்னோக்கி வரும் வண்டியின் ஒலியையும் புதியவை கற்றுக்கொள்ளும் என்பது நிருவாகியின் நம்பிக்கை. நூறும் வசைபாடக் கற்றுக்கொள்ளவுங் கூடும் என்று அவரே சொல்லிச் சிரித்தார்.