அக்காவின் பாஸ்புக்

எனக்கும் அக்காவுக்கும் நாலு மாசமாகப் பேச்சே இல்லை. அவளுடைய நிச்சயதார்த்தத்துக்கு நான் லேட்டாகப் போனேன். எல்லார் முன்னாடியும் திட்டிவிட்டாள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் தூக்கம் போய்விட்டது. கடைசியில் ஒரு மனநல ஆலோசகர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

என் புகாரையெல்லாம் கேட்டுவிட்டு, "நீங்க பி.காம். தானே? உறவை ஒரு பேங்க் அக்கவுண்ட்னு வெச்சுக்கலாமா?" என்றார்.

அக்கறை, மரியாதை எல்லாம் டெபாசிட். அலட்சியம், ஏளனம் எல்லாம் வித்ட்ராயல். இந்த உவமையை 1989-ல் வந்த தன் புத்தகத்தில் பிரபலமாக்கியவர் ஸ்டீபன் கவி. தம்பதிகளைப் பல வருஷம் ஆராய்ந்த ஜான் காட்மன் இதற்கு ஒரு எண்ணே சொல்கிறார்: சண்டைக்கு நடுவிலும் ஒரு கசப்புக்கு ஐந்து நல்லது இருந்தால் உறவு தாங்கும்.

எனக்கு ஒரே குஷி. "என் கணக்குல நிறைய டெபாசிட் இருக்கு மேடம்!"

"அது உங்க கேஷ்புக். அவங்க பாஸ்புக்கைப் பார்த்தீங்களா?"

பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. பதினொன்றாம் வகுப்பிலேயே படித்ததுதான், வங்கிச் சரிக்கட்டும் பட்டியல். இரண்டு புத்தகமும் ஒத்துப்போகவில்லை என்றால் பேங்க் திருடுகிறது என்று கத்த மாட்டோம். எந்தப் பதிவு எதில் விட்டுப்போயிருக்கிறது என்றுதான் தேடுவோம்.

ராத்திரி உட்கார்ந்து தேடினேன். முதல் செமஸ்டர் ஃபீஸில் பாதி அவள் சம்பளம். பேங்க் நேரடியாக வரவு வைத்தது, என் புத்தகத்தில் ஏறவே இல்லை. நான் அவளை எப்போதோ மன்னித்துவிட்டேன், ஆனால் சொல்லவில்லை. செக் எழுதி என் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு, அவள் கணக்கில் பணம் ஏறியிருக்கும் என்று நம்பிய கதை. அப்புறம், லேட்டாகப் போனதற்கு ஸாரி? அது இரண்டு புத்தகத்திலும் இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த உவமையை ரொம்ப இழுத்தால் பாசம் வியாபாரமாகிவிடும். ஐந்துக்கு ஒன்று என்று எண்ணிக்கொண்டே பேசினால் அது பேச்சே இல்லை. எதிராளியிடமும் ஒரு புத்தகம் இருக்கிறது என்று காட்டியதோடு அதன் வேலை முடிந்தது.

மறுநாள் போன் போட்டேன். "ஸாரிக்கா, அன்னைக்கு லேட்டா வந்தது தப்புதான்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சாப்டியாடா?"

கணக்கு டேலி ஆனதா தெரியாது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன் :)