அரை மணி நேரம் முன்னதாக

தோக்கியோவில் இறங்கிய மறுநாளே மகன் பயணத் திட்டத்தை விரித்தான். ஃபூஜி மலை, அசகுசா கோயில், டிஸ்னிலாண்ட் எல்லாம் இருந்தன. "பள்ளிக்கூடம் எங்கடா?" என்றேன். "ரிட்டயர் ஆகி ஒன்பது வருஷம் ஆச்சும்மா" என்று சிரித்தான். ஆனால் என்ன? கொத்தனார் எந்த ஊருக்குப் போனாலும் சுவரைத்தான் தட்டிப் பார்ப்பார். முப்பத்தாறு ஆண்டு சாக்பீஸ் தூளைத் தின்ற உடம்பு இது. கடைசிப் பதினோரு ஆண்டு, நாகப்பட்டினம் மாவட்டத்தில் கடலோரப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியை.

மகன் குடியிருப்பது எதொகாவா வட்டத்து நிஷிகசாயில். நம் ஐ.டி. பிள்ளைகள் நிறைய இருக்கும் பகுதி. கடுகும் உளுந்தும் நடந்து போய் வாங்கலாம். பேத்தியைப் பக்கத்துத் தெரு அரசுத் தொடக்கப் பள்ளியில்தான் சேர்ப்பேன் என்று மருமகள் பிடிவாதமாகச் சேர்த்தாளாம். அந்தப் பிடிவாதம் எனக்கு யோகமாயிற்று. பெற்றோர் வந்து வகுப்பின் பின்னால் நின்று பாடம் கவனிக்க ஒரு நாள், பள்ளிச் சாப்பாட்டை உண்டு பார்க்க ஒரு நாள் என்று அங்கே வழக்கம் உண்டு. இரண்டுக்கும் மருமகளோடு போனேன்.

பிள்ளைகள் பள்ளியைத் தாங்களே துடைத்துச் சுத்தம் செய்வது பற்றி வாட்ஸ்அப்பில் வராத செய்தி இல்லை. ஈரத்துணியை இரு கையாலும் தரையில் அழுத்திக்கொண்டு, இடுப்பைத் தூக்கி, நடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தவளை மாதிரி ஓடுகிறார்கள். பார்த்ததும் எனக்கு வியப்பை விடச் சங்கடம்தான் முதலில் வந்தது. நம் பள்ளிகளிலும் பிள்ளைகள் துடைப்பம் பிடித்திருக்கிறார்கள். யார் கைக்குத் துடைப்பம் போனது, கழிப்பறைக்கு யாரை அனுப்பினார்கள் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். எந்தத் தெரு என்று கேட்டு வேலை கொடுத்தவர்களோடு ஒரே ஓய்வறையில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். அதனால் "ஜப்பானைப் பாருங்கள்" என்று யாராவது மேடையில் தொடங்கினால் எனக்கு எரிச்சல் வரும். பேத்தியின் வகுப்பில் முறை வைத்து எல்லாருக்கும் வருகிறது. வகுப்பாசிரியையும் மண்டியிட்டு அலமாரிக்கு அடியில் துடைத்தார். இந்த இரண்டையும் விட்டுவிட்டுத் துணியை மட்டும் நாம் கொண்டுவந்தால் அது எந்தத் தெருப் பிள்ளையின் கைக்குப் போகும் என்று எனக்குத் தெரியும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது சாப்பாடுதான். வெள்ளை மேலங்கியும் தொப்பியும் போட்ட பிள்ளைகள் பாத்திரங்களைத் தள்ளிக்கொண்டு வந்து தாங்களே பரிமாறினார்கள். சோறு, மிசோ சூப், சுட்ட கானாங்கெளுத்தி, கீரை, ஒரு பாட்டில் பால். ஆசிரியையும் அதே தட்டோடு அதே வகுப்பில் உட்கார்ந்தார். கானாங்கெளுத்தியை மட்டும் நாங்கள் இன்னும் நன்றாகச் செய்வோம்.

"பிள்ளைகளுக்கு முன்னால் யாராவது ருசி பார்ப்பார்களா?" என்று மருமகள் மூலம் கேட்டேன். தலைமையாசிரியர் தம் மார்பைத் தொட்டுக் காட்டினார். பிள்ளைகள் சாப்பிடுவதற்குக் குறைந்தது அரை மணி நேரம் முன்னதாக ஒரு தட்டு அவர் அறைக்குப் போய்விடும். அவர் உண்டு பார்த்து நிறம், மணம், சுவை, அந்நியப் பொருள் ஏதும் கிடக்கிறதா என்றெல்லாம் பதிவேட்டில் குறிக்க வேண்டும். நாடு முழுவதற்கும் விதி இது. ஏன் அரை மணி? கெட்டுப்போனது ஏதாவது இருந்தால் பரிமாறுவதை நிறுத்த நேரம் வேண்டுமல்லவா? இது போக ஒவ்வொரு பதார்த்தத்திலும் 50 கிராம் எடுத்து மைனஸ் 20 டிகிரியில் 2 வாரம் வைத்திருக்கிறார்கள்.

அந்த இடத்தில் என் காது சூடாயிற்று. எங்களுக்கும் விதி உண்டு, பதிவேடும் உண்டு. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் 1920-இல் தொடங்கி, காமராசர் காலத்து மதிய உணவு, 1982-இன் சத்துணவு, 2022-இன் காலை உணவு என்று பள்ளிப் பிள்ளைக்குச் சோறு போடுவதில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல. ஜப்பானில் 1889-இல் த்ஸுருஒகா என்ற ஊரில், கோயிலுக்குள் நடந்த பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்று உருண்டையும் சுட்ட மீனும் கொடுத்ததைத் தொடக்கம் என்கிறார்கள். சட்டம் 1954-இல் வந்தது. கிட்டத்தட்ட ஒரே பாதைதான். ஆனால் நான் எத்தனை நாள் சத்துணவுக் கூடத்துப் பக்கமே போகாமல் "சுவைத்தேன், நன்று" என்று ஒரு வாரத்துக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்! ஆயாம்மா பதிவேட்டை மேசைக்கே கொண்டுவருவார். நானும் வேறு பேப்பருக்கு நடுவில் போட்டுக் கொடுப்பேன். ஒன்றும் ஆகவில்லை, உண்மைதான். ஆகவில்லை என்பதற்கும் நான் போட்ட கையெழுத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கியோத்தோவில் மகன் கோயில் கோயிலாகக் காட்டினான். எனக்கு மனத்தில் நின்றது ஒரு பழைய பள்ளிக் கட்டடம். இப்போது அது மாங்கா அருங்காட்சியகம்; இளவட்டங்கள் புல்வெளியில் படுத்துக்கொண்டு படக்கதை படிக்கிறார்கள். முன்பு தத்ஸுயிகே தொடக்கப் பள்ளியாக இருந்தது. நடந்தால் மரத்தரை முனகுகிறது. நாடு தழுவிய கல்விச் சட்டம் 1872-இல்தான் வந்தது. அதற்கு மூன்றாண்டு முன்பே, 1869-இல், கியோத்தோ நகரத்தார் பேட்டைக்கு ஒன்றாக 64 தொடக்கப் பள்ளிகளைத் திறந்துவிட்டார்கள். தலைநகரம் தோக்கியோவுக்குப் போய், ஊர் களையிழந்து கிடந்த நேரம் அது. பிள்ளை இருக்கிறதோ இல்லையோ, அடுப்பு எரிகிற ஒவ்வொரு வீடும் பள்ளிக்குக் காசு கொடுக்க வேண்டும். அதற்குப் பெயரே அடுப்புக் காசு. அரசாணை வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. தத்ஸுயிகே பள்ளியில் பிள்ளைகள் குறைந்து 1995-இல் மூடும்படி ஆனது வேறு கதை. நம் ஊர்களிலும் அந்தக் கதை தொடங்கிவிட்டது.

டோட்டோ-சான் புத்தகத்தைப் படித்த ஆசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்பதால் சொல்கிறேன்: தோக்கியோவில் ஜியுகஒகாவுக்கும் போனேன். அந்தப் புத்தகத்தில் வரும், ரயில் பெட்டிகளை வகுப்பறையாக்கிய கொபயாஷி ஸோஸாகுவின் தோமோஎ பள்ளி 1945 குண்டுவீச்சில் எரிந்துபோயிற்று. இப்போது அந்தப் பகுதியில் கேக் கடைகள்தான். ஒரு கேக் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பினோம்.

சுனாமி பார்த்த இஷினொமாகிக்குப் போக வேண்டும் என்று நான் சொன்னபோது மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அங்க வேணாம்மா, மனசு கெட்டுடும்" என்றான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பள்ளி பூட்டிக் கிடந்தது. கடல் வந்து பெஞ்சுகளை வாரிக்கொண்டு போனது. பிள்ளைகளை வீடுகளிலிருந்தும் கரையிலிருந்தும் கொண்டுபோனது. திறந்த பிறகு வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டது பற்றி எழுத எனக்கு இன்னும் கை வராது. அன்றிலிருந்து ஒரே கேள்வி. அது வேலை நாளாக இருந்து, காலை வழிபாட்டுக்குப் பிள்ளைகள் வரிசையில் நின்றிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? பதில் தெரியும். அறைக்குள் போய் மேல் அலுவலகத்துக்குப் போன் செய்திருப்பேன்.

செந்தாயிலிருந்து இஷினொமாகி, அங்கிருந்து கித்தகாமி ஆற்றோரமாகக் காரில் போனோம். இரு கரையிலும் ஆளுயரத்துக்கு நாணல். ஒகாவா தொடக்கப் பள்ளி கடலிலிருந்து ஏறக்குறைய 4 கி.மீ. உள்ளே இருக்கிறது. அங்கே நின்றால் கடல் தெரியாது. அழகான கட்டடமாக இருந்திருக்க வேண்டும். சுவர்கள் பிய்ந்து, வகுப்பறைகளுக்குள் காற்று நேராகப் புகுந்து போகிறது. இரண்டு கட்டடங்களை இணைத்த மேல்நடை முறுக்கிக்கொண்டு தரையில் கிடக்கிறது. 2021-இலிருந்து அப்படியே நினைவிடமாக வைத்திருக்கிறார்கள்.

2011 மார்ச் 11, பிற்பகல் 2.46-க்கு நிலம் ஆடியது. பிள்ளைகளை ஒழுங்காக விளையாட்டுத் திடலுக்குக் கொண்டுவந்து வரிசையில் நிறுத்தினார்கள். அதுவரை எல்லாம் பயிற்சியில் சொன்னபடி. அதற்குப் பிறகு எங்கே போவது? வெள்ள வரைபடத்தில் பள்ளி ஆபத்தில்லாத பகுதியில் இருந்தது. கையேட்டில் "அருகிலுள்ள காலியிடம், பூங்கா" என்ற அளவில்தான் எழுதியிருந்தது. ஆசிரியர்கள் பேசினார்கள், ஊர்க்காரர்களைக் கேட்டார்கள். பள்ளிக்குப் பின்னாலேயே குன்று. பிள்ளைகள் பாடத்துக்காக ஏறிக் காளான் வளர்த்த குன்று. அது சரியும், மரம் விழும் என்ற பயம். பள்ளிக் கடிகாரம் 3.37-இல் நின்றுவிட்டது. ஐம்பது நிமிடம் திடலில் நின்றுவிட்டு, கடைசியில் ஆற்றுப் பாலத்தருகே சற்று மேடான இடத்தை நோக்கி அவர்கள் நடக்கத் தொடங்கிய போது ஆற்று வழியாகவே அலை எதிரே வந்தது. 74 பிள்ளைகள், 10 ஆசிரியர்கள். அங்கே நின்றவர்களில் பிழைத்தது 4 பிள்ளைகளும் ஓர் ஆசிரியரும்.

நான் குன்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் முழங்காலோடு கூட ஏறிவிடலாம்.

பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். 2018-இல் செந்தாய் உயர் நீதிமன்றம் அந்த ஐம்பது நிமிடத்தோடு நிற்கவில்லை. அதற்கு முன்பே எங்கே ஓடுவது என்று தீர்மானித்து வைக்காததுதான் பிழை என்றது. வரைபடத்தை அப்படியே நம்பாமல் பள்ளி தானே சோதித்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. 2019-இல் உச்ச நீதிமன்றத்தில் அது உறுதியானது. மகன் இதை மொழிபெயர்த்துச் சொன்னபோது எனக்கு எங்கள் பள்ளியின் ஒரு சுவர் ஞாபகம் வந்தது. ஆறாம் வகுப்பு 'ஆ' பிரிவின் பின்சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். கட்டடத்தை இடித்துத் தரச் சொல்லி நான்கு கடிதம் எழுதினேன். நான்கின் நகலையும் கோப்பில் போட்டு, தேதிவாரியாகக் கட்டி வைத்தேன். வகுப்பை அதே அறையில் நடத்தினேன். மாற்ற இடமில்லையா என்றால், மரத்தடி இருந்தது, என் அறை இருந்தது. ஒரு மழைக்கால இரவில் சுவர் விழுந்தது. காலையில் போய்ப் பார்த்தபோது, சாமி சத்தியமாக, முதலில் நினைத்தது "நல்லவேளை, கடிதம் எழுதியிருக்கிறேன்" என்றுதான். இரவில் விழுந்ததே என்ற நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் எரிந்த அதே 2004-இல்தான் பள்ளிகளின் கீற்றுக் கொட்டகைகளைப் பிரிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஒரே வாரத்தில் பிரித்தோம். அந்தக் கீற்று அதற்கு முந்தின வாரமும் எரியக்கூடியதாகத்தானே இருந்தது?

ஒகாவாவின் ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்துப் பேரும் பிள்ளைகளோடு போய்விட்டார்கள். திடலில் நின்ற அந்த ஐம்பது நிமிடம் என் போன் பேச்சைப் போலவே இருந்தது. அவ்வளவுதான்.

கடற்கரையோடு வடக்கே போனால் கமாஇஷி. அதன் உனோஸுமாய் பகுதியில் தொடக்கப் பள்ளியும் நடுநிலைப் பள்ளியும் அடுத்தடுத்து இருந்த இடத்தில் இப்போது ரக்பி மைதானம். 2019 உலகக் கோப்பை ஆட்டம் ஒன்று அங்கே நடந்தது. இந்தப் பள்ளிகளும் வரைபடத்தில் 'ஆபத்தில்லாத' பகுதிதான். ஆனால் கததா தோஷிதகா என்ற பேராசிரியர் பல ஆண்டுகளாக அந்த ஊர்ப் பள்ளிகளுக்கு வந்து, வரைபடத்தை நம்பாதே, மற்றவர்களுக்காகக் காத்திராமல் நீ முதலில் ஓடு என்று சொல்லிக்கொடுத்திருந்தார். அன்று நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் ஓடினார்கள். அதைப் பார்த்துச் சின்னவர்களும் ஓடினார்கள். பெரியவர்கள் சின்னவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். குறித்துவைத்த இடத்தை அடைந்த பிறகும், பக்கத்து மலைச்சரிவு உதிர்வதைக் கண்டு இன்னும் மேலே போனார்கள். அங்கிருந்தும் மேலே போனார்கள். முதலில் நின்ற இடம் நீரில் மூழ்கியது. பிள்ளைகள் பிழைத்தார்கள். ஊர்க்காரர்கள் அதை அதிசயம் என்று அழைக்க விரும்புவதில்லையாம். பாடம் நடத்தினால் பிள்ளைகள் படிப்பார்கள், இதில் அதிசயம் என்ன?

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் பேத்தியின் பள்ளியில் பயிற்சி. எதொகாவா வட்டத்தின் நிலத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் கடல்மட்டத்துக்குக் கீழே. 2019-இல் அந்த வட்ட நிர்வாகம் வெளியிட்ட வெள்ள வரைபடத்தின் அட்டையிலேயே "இங்கே இருக்கக் கூடாது" என்று அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தது. தன் ஊரைப் பற்றி இப்படி எழுதிய நிர்வாகத்தை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

பேரிடர் வந்தால் பிள்ளையை வீட்டாரிடம் ஒப்படைக்கும் பயிற்சி அது. "நீங்க போய் வரிசைல நில்லுங்க அத்தை, நான் ஆபீஸ்லேர்ந்து ஓடி வந்துடறேன்" என்று மருமகள் போனில் சொன்னாள். நான் போய் நின்றேன். பிள்ளைகள் தலையில் பஞ்சுத் துணிக் கவசம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மற்ற நாட்களில் அதைத்தான் நாற்காலியில் மெத்தையாகப் போட்டு உட்காருகிறார்கள். என் முறை வந்தது. ஆசிரியைக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்து ஏதோ கேட்டார். அவள் "அப்பாயி" என்றாள். ஆசிரியை கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். அதில் மூன்று பெயர்கள். என் பெயர் இல்லை.

இடுப்பு வளைய எனக்கு ஒரு கும்பிடு போட்டார். பேத்தியின் கையை விடவில்லை.

மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனார்கள். பேத்தி கவசத்துக்குள்ளிருந்து என்னை முறைத்தாள். நான் ஓரமாகப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டேன். சுவரைத் தட்டிப் பார்த்தேன், பழக்கம். கால் மணி நேரம் கழித்து மருமகள் மூச்சிரைக்க ஓடிவந்து, பெயரைச் சொல்லி, அட்டையில் கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் பேத்தியின் கையை விட்டாள்.