குல்மார்க்கில் முதல் பனிச்சறுக்கு: ஓடுவதற்கு முன் நிற்கப் பழகுங்கள்!

குளிர்காலத்தில் குல்மார்க் போய்வந்த குடும்பங்களின் போனைத் திறந்தால் ஒரு படம் கட்டாயம் இருக்கும். வாடகை கோட்டு, காலில் நீளமான இரண்டு பலகைகள், கைகளில் கோல்கள், பின்னால் வெள்ளை வெளேரென்று மலை. "சூப்பர், எவ்வளவு தூரம் சறுக்கினீங்க?" என்று கேட்டால் சிரிப்புதான் பதிலாக வரும். ஒரு மணி நேரத்துக்குத்தான் வாடகை. ஷூ மாட்டுவதிலேயே பாதி நேரம் போய்விடும். மீதியில் பாதி, விழுந்து எழுவதில் போய்விடும்.

படம் போதும் என்பவர்களுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. 'நிஜமாகவே சறுக்கிப் பார்க்கணும்' என்ற ஆசை உள்ளவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. மூன்று, நான்கு நாள்கள் ஒதுக்கினால் மிதமான சரிவில் தாமாக இறங்கி, தாமாக நிற்கும் அளவுக்குப் பலராலும் கற்றுக்கொள்ள முடியும். இதில் முக்கியமான சொல் 'நிற்கும்' என்பதுதான்.

ஏன் குல்மார்க்?

ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கி.மீ தூரத்தில், ஏறக்குறைய 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கும் கிண்ணம் போன்ற புல்வெளி இது. குல்மார்க் என்றால் 'பூக்களின் புல்வெளி'. கோடையில் பச்சைப் பசேலென்று இருக்கும் கோல்ஃப் மைதானம், டிசம்பர் பிற்பகுதியில் பனிக்குள் மறைந்துவிடும். அதைச் சுற்றியுள்ள மென்மையான சரிவுகள்தான் புதியவர்களின் பள்ளிக்கூடம்.

இங்கே சறுக்கு விளையாட்டு நேற்று வந்ததல்ல. பிரிட்டிஷ் அதிகாரிகள் 1927-லேயே ஸ்கீ கிளப் தொடங்கிய இடம் இது. 2022 பீஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியா சார்பில் கலந்துகொண்ட ஒரே வீரரான ஆரிஃப் கான் இந்த மண்ணின் மைந்தர். அவருடைய அப்பா குல்மார்க்கில் ஸ்கீ உபகரணக் கடை வைத்திருந்தவர். நான்கு வயதிலேயே ஆரிஃப் பலகையில் ஏறிவிட்டார்.

'பனியிலேயே பிறந்தவர்களுக்குத்தானே இதெல்லாம்' என்று நினைக்க வேண்டாம். கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங்கில் தேசியப் பதக்கங்கள் வென்றிருக்கும் பவானி, கர்நாடகத்தின் குடகுப் பகுதியைச் சேர்ந்தவர். காபித் தோட்டத்து ஊரில் பனிக்கு எங்கே போவது?

எப்போது போவது?

டிசம்பர் 21 முதல் 40 நாள்களைக் காஷ்மீரில் 'சில்லை கலான்' என்கிறார்கள். கடுங்குளிர் காலம் அதுதான். ஜனவரி பிற்பகுதி முதல் பிப்ரவரி முடிய, கற்றுக்கொள்ள ஏற்ற காலம்.

ஆனால் பனி இப்போதெல்லாம் காலண்டரைப் பார்த்து விழுவதில்லை. 2024 ஜனவரியில் குல்மார்க் பல நாள்கள் பனியே இல்லாமல் வெறும் தரையாகக் கிடந்தது. பனி போதாததால், 2025 பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகளே மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. அதனால் தேதி மாற்றவும் ரத்து செய்யவும் வழியுள்ள டிக்கெட், அறைகளைத் தேர்ந்தெடுங்கள். கிளம்பும் முன் வானிலையையும் அரசின் பயண அறிவிப்புகளையும் பார்த்துவிடுங்கள்.

ஸ்கீயா, ஸ்னோபோர்டா?

ஸ்கீயில் காலுக்கு ஒரு பலகை. முகம் முன்னோக்கி இருக்கும், கையில் கோல்கள் உண்டு. ஸ்னோபோர்டில் இரண்டு கால்களும் ஒரே பலகையில் பக்கவாட்டில் மாட்டப்பட்டிருக்கும். கோல் கிடையாது.

முதல் இரண்டு நாள்களில் ஸ்கீ எளிது. நடப்பதுபோல் முன்னால் பார்த்து நிற்கலாம், ஒரு காலை நகர்த்திச் சமாளிக்கலாம். ஸ்னோபோர்டில் முதல் இரண்டு நாள்களும் பின்பக்கமும் மணிக்கட்டும்தான் அடிவாங்கும். அதைத் தாண்டியவர்கள் வேகமாக முன்னேறுவார்கள் என்பார்கள். ஸ்கேட்போர்டு ஓட்டிப் பழகிய கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஸ்னோபோர்டு பிடிக்கலாம். அவர்கள் மணிக்கட்டுக் காப்பு அணிவது அவசியம். மற்றவர்கள், குறிப்பாக மூன்று நாள்களே கையில் உள்ளவர்கள், ஸ்கீயில் தொடங்குவது நல்லது. இரண்டையும் ஒரே பயணத்தில் கற்றுக்கொள்ள முயன்றால் இரண்டும் வராது.

பயிற்சி வீட்டிலேயே தொடங்கட்டும்

சறுக்கும்போது உடலின் பாரத்தைத் தாங்குவது தொடையும் முழங்காலும்தான். சோர்ந்த தொடையோடு விழும்போதுதான் முழங்கால் ஜவ்வு கிழியும் ஆபத்து அதிகம். கிளம்புவதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். பள்ளியில் தண்டனையாகப் போட்ட தோப்புக்கரணம் இங்கே மருந்து. அதோடு சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் உட்கார்ந்ததுபோல் நிற்பது, ஒற்றைக்காலில் நிற்பது, லிஃப்டை மறந்து படியேறுவது, இவை போதும். முழங்காலில் பழைய அடி இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

உடையில் கஞ்சத்தனம் வேண்டாம்

குல்மார்க்குக்குக் கீழே 13 கி.மீ தூரத்தில் இருக்கும் தங்மார்க்கில் நீளமான கோட்டும் கம்பூட்டும் வாடகைக்குக் கிடைக்கும். அவை நடக்க உதவும், சறுக்க உதவாது. நீளக் கோட்டு முழங்காலைத் தடுக்கும்.

- உடலை ஒட்டி தெர்மல், அதன்மேல் ஃப்ளீஸ், வெளியே தண்ணீர் புகாத ஜாக்கெட், பேன்ட் என மூன்று அடுக்குகள் வேண்டும்.
- ஜீன்ஸும் பருத்தி பனியனும் வேண்டாம். நனைந்தால் உலராது, உடல் சூட்டை உறிஞ்சிவிடும்.
- ஒரே ஒரு ஜோடி நீளமான ஸ்கீ சாக்ஸ் போதும். இரண்டு மூன்று போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும்.
- ஹெல்மெட், தண்ணீர் புகாத கையுறை, கண்ணாடி மூன்றும் கட்டாயம்.
- சன்ஸ்க்ரீன் மறக்க வேண்டாம். 1,000 மீட்டர் ஏற ஏறப் புறஊதாக் கதிர் சுமார் 10 சதவிகிதம் கூடும். புதுப்பனி அதில் 80 சதவிகிதம் வரை திருப்பி அடிக்கும். மேகமூட்டமான நாளிலும் முகம் கறுக்கும், கண் எரியும்.

வாடகைக் கடையில் உண்மையான எடையைச் சொல்லுங்கள்

ஸ்கீ ஷூ கெட்டியான பிளாஸ்டிக். முதலில் போடும்போது 'இதோடு எப்படி நடப்பது?' என்றுதான் தோன்றும். குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் நகர்த்திய பிறகு கொக்கிகளை மாட்டுங்கள். நிமிர்ந்து நின்றால் விரல்நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் அந்தத் தொடுதல் விலக வேண்டும். குதிகால் மேலே எழும்பினால் சைஸ் பெரிது, மாற்றிக் கேளுங்கள். நாள் முழுக்க உங்களோடு இருக்கப்போவது இந்த ஷூதான். அதனால் கூச்சப்படாமல் நான்கு ஜோடி போட்டுப் பாருங்கள்.

பலகையின் உயரம், நிமிர்த்தி வைத்தால் உங்கள் தாடைக்கும் மூக்குக்கும் நடுவே இருந்தால் போதும். நீளம் கூடினால் திருப்புவது கஷ்டம்.

ஷூவைப் பலகையோடு பிணைக்கும் பகுதிக்கு பைண்டிங் என்று பெயர். நீங்கள் விழும்போது அது சட்டென்று விடுபட வேண்டும். விடுபடாவிட்டால் பலகையோடு சேர்ந்து கால் முறுக்கிக்கொள்ளும். எடை, உயரம், வயது, ஷூ அளவு, அனுபவம் ஆகியவற்றை வைத்துத்தான் அதன் இறுக்கத்தைத் திருகி அமைக்கிறார்கள். எடையை ஐந்து கிலோ குறைத்தோ, 'எனக்குக் கொஞ்சம் தெரியும்' என்று அனுபவத்தைக் கூட்டியோ சொன்னால் கணக்கு மாறிவிடும். யாருக்கோ அமைத்ததை அப்படியே கொடுத்தால், "என் எடைக்கு மாத்திக் கொடுங்க" என்று கேட்டு வாங்குங்கள்.

முதல் நாள்: பீட்சா பாடம்

முதல் அரை மணி நேரம் சமதளத்தில்தான். ஒரு பலகையோடு நடப்பது, பிறகு இரண்டோடு நடப்பது, அடுத்து நண்டு போல் பக்கவாட்டில் அடியெடுத்து வைத்துச் சரிவில் ஏறுவது. மூச்சு வாங்கும். ஆனால் பலகை உடலின் பகுதியாக மாறுவது இந்த நேரத்தில்தான்.

நிற்கும் முறையை மனதில் பதியுங்கள். முழங்கால் சற்று மடங்கியிருக்கட்டும். முழங்காலுக்குக் கீழ் முன்னெலும்பு ஷூவின் முன்பக்கத்தை அழுத்தட்டும். கைகள் முன்னால், பார்வை போக வேண்டிய திசையில். சரிவைப் பார்த்ததும் பயத்தில் உடல் தானாகப் பின்னால் சாயும். அங்கேதான் சிக்கல். பின்னால் சாய்ந்தால் பலகையின் முன்பகுதியில் பிடி போய்விடும், வேகம் கூடும், திருப்ப முடியாது. 'பயமா இருந்தா முன்னால சாயணும்' என்பதை உடல் நம்பச் சிறிது நேரம் ஆகும்.

அடுத்து பிரேக். பலகைகளின் முன்நுனிகளை நெருக்கி, பின்பகுதிகளை அகட்டினால், மேலிருந்து பார்க்க ஓட்டு வீட்டுக் கூரைபோல் தெரியும். குழந்தைகளுக்கு இதை 'பீட்சா துண்டு' என்று சொல்லித் தருவது உலகம் முழுக்க வழக்கம். அகட்டும் அளவுக்கு வேகம் குறையும். இரண்டு பலகைகளும் இணையாக இருந்தால் 'ஃப்ரெஞ்ச் ஃப்ரை', அதாவது வேகம். இந்தக் கூரை வடிவிலேயே வலது காலை அழுத்தினால் இடப்பக்கம் திரும்புவீர்கள். இடது காலை அழுத்தினால் வலப்பக்கம்.

சொன்ன இடத்தில் பத்து முறை தொடர்ந்து நிற்க முடிகிற வரை அடுத்த சரிவுக்குப் போகாதீர்கள். நிற்கத் தெரியாத ஒருவர் கீழே இருக்கும் குழந்தைமீதும் மோதலாம்.

விழுவதற்கும் முறை உண்டு

விழாமல் யாரும் கற்றதில்லை. கட்டுப்பாடு போகிறது என்று தெரிந்தால், குந்தியபடி மேட்டுப் பக்கமாக இடுப்பில் சாய்ந்து விழுங்கள். கையை ஊன்றித் தடுக்காதீர்கள். கோலை இறுகப் பிடித்தபடி விழுந்தால் கட்டைவிரல் ஜவ்வு அறுபட வாய்ப்பு உண்டு, விட்டுவிடுங்கள். எழும்போது பலகைகளை உடலுக்குக் கீழ்ப்பக்கம், சரிவுக்குக் குறுக்காக வைத்துக்கொண்டு எழுங்கள். கீழ்நோக்கி வைத்து எழுந்தால், எழும்போதே ஓட ஆரம்பித்துவிடும்.

கொண்டோலா ஆசை

குல்மார்க்கின் கேபிள் கார் புகழ்பெற்றது. முதல் கட்டம் சுமார் 3,080 மீட்டரில் உள்ள கொங்டூரி வரை போகிறது. இரண்டாம் கட்டம் அஃபர்வாட் மலையில் 3,900 மீட்டரைத் தாண்டி ஏற்றிவிடும். காட்சிக்காக ஏறி, அதே கேபிள் காரில் இறங்குவதற்கு யாரும் தடை சொல்லப்போவதில்லை. பலகையோடு இறங்குவதுதான் புதியவர்களுக்குக் கூடாது.

அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. மூச்சு திணறும், தலை சுற்றும். சரிவுகளோ பெரும்பாலும் சீர்செய்யப்படாதவை. அந்த ஆழமான பொடிப்பனிக்காகத்தான் வெளிநாட்டு வீரர்கள் குல்மார்க்கைத் தேடி வருகிறார்கள். அங்கேதான் பனிச்சரிவும் காத்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் அஃபர்வாட்டில் போலந்து நாட்டவர் இருவர் பனிச்சரிவில் இறந்தார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில், தடத்துக்கு வெளியே சறுக்கிய ரஷ்யர் ஒருவர் உயிரிழந்தார். அனுபவசாலிகளையே விழுங்கும் இடத்தில் இரண்டு நாள் பயிற்சிக்கு என்ன மதிப்பு? 'மேலே கூட்டிட்டுப் போறேன், ஒண்ணும் ஆகாது' என்று யார் சொன்னாலும் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

சரிவிலும் சாலை விதிகள் உண்டு

- முன்னால் போகிறவருக்கே முன்னுரிமை. பின்னால் வருபவர்தான் ஒதுங்க வேண்டும்.
- நடுவழியில் நிற்காதீர்கள். விழுந்தால் சீக்கிரம் ஓரத்துக்கு வாருங்கள்.
- கிளம்பும் முன் மேலே யாராவது வருகிறார்களா என்று பாருங்கள்.
- செல்ஃபி எடுப்பது ஓரத்தில் நின்ற பிறகு மட்டும்.

செலவும் பயணமும்

செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் வெட்டுவது பயிற்சியாளரைத்தான். அதை மட்டும் செய்யாதீர்கள். முதல் இரண்டு நாள்கள் பயிற்சியாளர் இருந்தால், மூன்றாம் நாள் நீங்கள் தனியாகப் பழகலாம். உபகரணத்துக்கு எவ்வளவு, பயிற்சிக்கு எவ்வளவு, மணிக்கணக்கா நாள்கணக்கா, லிஃப்ட் கட்டணம் அதில் சேர்த்தியா என்று தனித்தனியாகக் கேட்டுப் பேசி முடியுங்கள். முறையாகப் படிக்க விரும்புவோருக்கு, மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஸ்கீயிங் மற்றும் மலையேற்றப் பயிற்சி நிறுவனம் குல்மார்க்கிலேயே இருக்கிறது. உத்தராகண்டின் ஔலி, இமாச்சலின் சோலாங் ஆகிய இடங்களிலும் பயிற்சி வகுப்புகள் உண்டு.

விமானத்தில் போனால் முதல் இரவு ஸ்ரீநகரில் தங்கி உடலை உயரத்துக்குப் பழக்குங்கள். ரயில் பிரியர்கள் கத்ரா வரை போய், 2025 ஜூனில் தொடங்கிய வந்தே பாரத்தில் ஸ்ரீநகர் போகலாம். கனமான பனி பெய்தால் சாதாரண டாக்ஸிகள் தங்மார்க்கோடு நின்றுவிடும். அங்கிருந்து சங்கிலி கட்டிய வண்டிகள்தான். வெளிமாநில ப்ரீபெய்டு சிம்களுக்குக் காஷ்மீரில் கட்டுப்பாடு பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. போஸ்ட்பெய்டு எண் ஒன்று கையில் இருக்கட்டும். பயணக் காப்பீடு எடுப்பவர்கள் அதில் பனிச்சறுக்கும் அடங்குமா என்று பாருங்கள். சாகச விளையாட்டுகளைப் பல பாலிசிகள் விலக்கிவைக்கின்றன.

இதய நோய், ஆஸ்துமா உள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம். குழந்தைகள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் கற்பார்கள், ஆனால் 'குளிருது' என்று சொல்லத் தாமதிப்பார்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கையுறையைக் கழற்றி விரல்களைத் தொட்டுப் பாருங்கள்.

மூன்றாம் நாள் மாலை, நீங்கள் நினைத்த இடத்தில் பலகை நின்றால் உங்கள் முதல் பாடம் முடிந்தது. அஃபர்வாட் எங்கேயும் போகாது. அடுத்த குளிர்காலத்துக்கு அது மிச்சம் இருக்கட்டும்.