கையைப் பார்த்தோம், மனத்தைப் பார்த்தோமா?

என் தந்தையார் தையற்காரர். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் 42 ஆண்டுகள் ஒரே திண்ணையில், ஒரே இயந்திரத்தில் தைத்தவர். புதுநன்மை வாங்கும் சிறுவர்களின் வெள்ளைச் சட்டைகளும், எங்கள் பங்கின் மணப்பெண்கள் பலருடைய ரவிக்கைகளும் அவர் கைபட்டு உருவானவையே. அந்தக் கையைத்தான் 2018ஆம் ஆண்டு ஆடி மாதத்து விடியற்காலை ஒன்றில் பக்கவாதம் பறித்துக்கொண்டது. பிடித்திருந்த காப்பி டம்ளர் நழுவி விழுந்தது. வாய் ஒருபுறம் கோணிற்று. “அம்மாடி” என்று என்னை அழைக்க முயன்றவரின் வாயிலிருந்து பொருளற்ற ஓர் ஒலியே வந்தது.

மூளையின் இடப்புறத்தில் இரத்தக்குழாய் அடைபட்டால் உடலின் வலப்புறம் செயலிழக்கும். பெரும்பாலோர்க்குப் பேச்சும் அப்புறத்தையே சார்ந்திருப்பதால் அதுவும் தடுமாறும். என் தந்தையார்க்கு நேர்ந்தது அதுவே. பதினொரு நாள்களுக்குப் பின் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது, பயிற்சிகளைப் படமாக வரைந்த தாள் ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள். விரல்களை எத்தனை முறை விரிக்க வேண்டும், காலை எத்தனை முறை உயர்த்த வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தன. மனத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதைக் கேட்க வேண்டுமென்று எங்களுக்கும் தோன்றவில்லை.

நான் பள்ளி ஆசிரியை. எதற்கும் கால அட்டவணை போட்டுப் பழகியவள். காலை ஆறு மணிக்குக் கைப்பயிற்சி, பத்து மணிக்கு நடைப்பயிற்சி, மாலையில் பேச்சுப்பயிற்சி என்று சுவரில் எழுதி ஒட்டினேன். முதல் மாதம் அப்பா முயன்றார். இரண்டாம் மாதம் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டார். விரும்பி உண்ணும் கருவாட்டுக் குழம்பையும் தொடவில்லை. விடியுமுன்பே விழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடும்பச் செபமாலையின்போது அவர் உதடுகள் அசையவில்லை.

அம்மா, “கடவுள் மேலேயே கோபம் போலிருக்கிறது” என்று கலங்கினார். தம்பி, “வெறும் பிடிவாதம்” என்றான். நான் அவ்விருவரையும் விஞ்சினேன். ஒரு மாலை, பள்ளியிலிருந்து களைத்து வந்த என் முன்னே அவர் பந்தைப் பிடிக்க மறுத்தபோது, “உங்களுக்குக் குணமாக வேண்டுமென்ற எண்ணமே இல்லை, அப்பா. நீங்கள் சோம்பேறியாகிவிட்டீர்கள்” என்று சொல்லிவிட்டேன். வாழ்நாளில் ஒரு பகற்பொழுதும் சும்மா உட்கார்ந்தறியாத மனிதரைப் பார்த்துச் சொன்ன சொல் அது. அவர் மறுமொழி கூறவில்லை, கூறவும் இயலாது. கண்களை மட்டும் மூடிக்கொண்டார்.

வாரம் இருமுறை பிசியோதெரபி செய்ய வந்த இளம்பெண்தான் எங்கள் கண்ணைத் திறந்தாள். “அக்கா, ஐயாவின் கை முன்னைவிடத் தேறித்தான் இருக்கிறது. மனம்தான் படுத்துவிட்டது. மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்” என்றாள். “பைத்தியமா பிடித்திருக்கிறது?” என்று அம்மா அழுதார். அழுத அம்மாவைத் தேற்றி, மறுவாரம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிற்கு அழைத்துச் சென்றோம். அப்பாவால் பேச இயலாமையால் மருத்துவர் எங்களையே துருவிக் கேட்டார். உணவு, உறக்கம், அழுகை, ஆர்வம் எல்லாவற்றையும் கேட்டபின், “இது பக்கவாதத்தைத் தொடர்ந்து வரும் மனச்சோர்வு நோய், பிடிவாதமுமல்ல, அவநம்பிக்கையுமல்ல” என்றார்.

அந்தச் சொல் என்னை உறங்கவிடவில்லை. இந்நோயைப் பற்றி எழுதப்பட்டவற்றைத் தேடித் தேடிப் படித்தேன். கை விழுந்தால் மனம் உடைவது இயல்புதானே, இதை நோயென்பானேன் என்று நான் எண்ணியதுண்டு. அவ்வினாவிற்கு 1977ஆம் ஆண்டிலேயே ஓர் ஆய்வு விடை தேடியிருந்தது. அமெரிக்க மருத்துவர் மார்ஷல் ஃபோல்ஸ்டீனும் அவருடன் பணியாற்றியோரும் பக்கவாத நோயாளிகளை, எலும்பு முறிவு போன்றவற்றால் அதே அளவு முடங்கியோருடன் ஒப்பிட்டனர். முடக்கம் ஒன்றாயினும், பக்கவாதம் கண்டவர்களிடையே மனச்சோர்வு மிகுதியாக இருந்தது. ஆகவே அது முடக்கத்தை எண்ணி வரும் துயரம் மட்டுமன்று. அடிபட்ட மூளையிலிருந்தும் அது பிறக்கிறது என்று கருத இடமுண்டாயிற்று.

இத்துறைக்கே தம் வாழ்நாளை ஈந்தவர் ராபர்ட் ராபின்சன் என்னும் மனநல மருத்துவர். எலிகளின் மூளையில் இரத்த ஓட்டம் தடைபட்டால், அடிபட்ட இடத்தில் மட்டுமன்றி, அதற்கு அப்பாலும் சில இரசாயனப் பொருள்கள் குறைகின்றன என்று அவர் குழுவினர் 1975இல் கண்டனர். பின்னர் பால்டிமோர் நகரில் நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தனர். 1990இல் வெளியான அவர்களுடைய ஆய்வு எனக்குச் சாட்டையடி போன்றது. தொடக்கத்தில் உடற்குறை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தும், மருத்துவமனையிலேயே மனச்சோர்வுற்றவர்கள் ஈராண்டுகளுக்குப் பின்னர், உண்பது, உடுப்பது, நடப்பது முதலிய அன்றாடச் செயல்களில் மற்றவரைவிடப் பின்தங்கியிருந்தனர். அப்பா பயிற்சியை மறுத்ததால் சோர்வு வந்ததென்று நான் நினைத்திருந்தேன். சோர்வு வந்ததால் அல்லவா பயிற்சியை மறுத்தார்!

ஆய்வென்பது தன்னையே திருத்திக்கொள்வதும் ஆகும். மூளையின் இட முன்பகுதி அடிபட்டால்தான் சோர்வு மிகும் என்று ராபின்சன் 1984இல் கூறினார். 2000ஆம் ஆண்டில் பல ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்த பிறர் அதற்குச் சான்று காணவில்லை. எப்புறம் அடிபட்டாலும் எச்சரிக்கை தேவை. பக்கவாதத்திற்குப் பிந்தைய சில ஆண்டுகளில் ஏறக்குறைய பத்தில் மூவர்க்கு இச்சோர்வு வருவதாக 2014இல் வெளியான தொகுப்பாய்வு கூறுகிறது.

மருந்தைப் பற்றியும் மிகையான நம்பிக்கை எழுந்தது. மனச்சோர்விற்குத் தரும் ஃபுளுவாக்சிடின் என்னும் மருந்து விழுந்த கையையே எழுப்பும் என்று பிரான்சு நாட்டில் 118 பேரிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வு நம்பிக்கையூட்டிற்று. பிரிட்டனில் 3127 பேரிடம் சோதித்து 2018இல் முடிவு வெளியானபோது அந்நம்பிக்கை நிலைக்கவில்லை. எல்லார்க்கும் கொடுத்ததால் கைகால்கள் கூடுதலாகத் தேறவில்லை. எலும்பு முறிவும் சற்று மிகுந்தது. ஆனால் புதிதாக மனச்சோர்வு வருவது குறைந்தது. மருந்து மனத்திற்கே, கைக்கன்று.

குடும்பத்தாரின் பங்கைப் பற்றி நம் நாட்டிலேயே ஒரு பேராய்வு நடந்தது. லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் ஜெயராஜ் பாண்டியன் உள்ளிட்டோர், 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளைக் கொண்டு, குடும்பத்தினர்க்குப் பயிற்சி அளித்தால் நோயாளி தேறுவாரா என்று ஆராய்ந்தனர். 2017இல் வெளியான முடிவு: ஆறு மாதங்களின் இறுதியில் இறந்தோர், பிறரைச் சார்ந்திருந்தோர் தொகையில் வேறுபாடில்லை. சுவரில் அட்டவணை ஒட்டிய எனக்கு இது பெரும் பாடம். அன்பு மிக்க குடும்பமும், பயிற்சியறிந்த கைகளுக்கு மாற்றாகிவிடாது. நம்மால் இயல்வது வேறொன்று: இரவும் பகலும் உடனிருக்கும் நாமே மாற்றத்தை முதலில் காணக்கூடியவர்கள்.

அப்பாவிற்கு மருந்து தொடங்கி ஏறத்தாழ ஆறு வாரங்களில் உறக்கம் திரும்பியது. பின்னர் ஒருநாள் தாமாகவே இடக்கையால் அந்தப் பந்தை எடுத்து, வலக்கையில் வைத்துக்கொண்டார். நான் அவர் காலடியில் அமர்ந்து, “அன்றைக்குச் சொன்னதை மன்னித்துவிடுங்கள், அப்பா” என்றேன். நெடுநேரம் சொற்களைத் தேடினார். “வி...டு, அம்மாடி” என்றார். நோய் கண்டபின் அவர் தெளிவாகச் சொன்ன முதற் சொற்களுள் அவை அடங்கும்.

வலக்கை கடைசிவரை முழுமையாகத் திரும்பவில்லை. அவர் மறுபடி தைக்கவும் இல்லை. ஆயினும் திண்ணையில் நாற்காலியிட்டு அமர்ந்து, தம்பி துணி வெட்டும்போது அளவு தவறினால் இடக்கையால் தட்டிக் காட்டுவார். தெருவில் போவோர் வணங்கினால் சிரிப்பார். 2022இல் இறைவனடி சேரும்வரை அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்ததை நாங்கள் மீண்டும் கண்டதில்லை.

அன்பார்ந்த வாசகர்களே, உங்கள் இல்லத்திலோ அண்டை வீட்டிலோ பக்கவாதம் கண்டவர் இருந்தால், கை எவ்வளவு அசைகிறது என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். இரண்டு வாரங்களாக எதிலும் விருப்பமில்லாதிருக்கிறாரா? மனம் தளர்ந்து, நம்பிக்கையற்றுக் காணப்படுகிறாரா? இவ்விரு வினாக்களைக் கேளுங்கள். அவரால் பேச இயலாவிடில் உற்றுப் பாருங்கள். ஆமெனில் தயங்காது மருத்துவரிடம் சொல்லுங்கள். அவரைப் பேணும் மனைவியையும் மக்களையும் அவ்வாறே கேளுங்கள், அவர்களும் சோர்ந்துபோவதுண்டு. படுத்திருப்பவரைக் கடிந்துரைக்க நாவெழும்போது, அந்த மௌனம் ஒரு நோயின் குரலாக இருக்கலாம் என்பதை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். நான் எண்ணத் தவறியதை நீங்களாவது எண்ணுவீர்கள் என்றே இதை எழுதினேன்.