சிக்னல் ஃபுல், நெட் இல்லை

கோவைக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரி. கேம்பஸ் இண்டர்வியூவுக்கான ஆன்லைன் தேர்வு நடக்கும் அரங்கில் வைஃபையை மாற்றிப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வேலை செய்யும் குழுவோடு ஒட்டிக்கொண்டேன். அரங்கில் 240 இருக்கைகள். தேர்வு என்றால் 240 லேப்டாப். அதோடு ஆளுக்கொரு போன். எல்லாரும் ஒரே நிமிடத்தில் ‘ஸ்டார்ட்’ அழுத்துவார்கள். போன முறை பாதிப் பேருக்குச் சக்கரம்தான் சுற்றிக்கொண்டிருந்ததாம்.

நிர்வாக அலுவலர் கையில் ஒரு கம்பெனியின் விவரத் தாள். “ஒரு ஆக்சஸ் பாயிண்டுக்கு 512 பேர்னு போட்டிருக்கே, ரெண்டு வாங்கினாப் போதாதா?”

குழுவின் மூத்தவர் ஏணியை விட்டு இறங்காமலே சொன்னார்: “512 பேர் ரிஜிஸ்டர்ல பேர் எழுதலாங்க சார். பேசணும்னா ஒவ்வொருத்தராத்தான் பேசணும்.”

விஷயம் அவ்வளவுதான். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும், வைஃபையைப் பரப்பும் டப்பாவான ஆக்சஸ் பாயிண்டும் அதில் சேர்த்தி. மற்றவை காதைத் தீட்டிக் காத்திருக்கும். மும்முரமாக வேலை செய்யும் லேப்டாப் என்றால் ஒரு ரேடியோவுக்கு 40 என்பது இவர் கணக்கு. 240-க்கு ஆறு. வைஃபை 6 வகைதான் வாங்கியிருக்கிறார்கள். கூட்டத்தை மனதில் வைத்தே உருவான தரம் அது. ஒரு சேனலைக் கூறு போட்டு ஒரே சமயத்தில் பலருக்குப் பங்கிட அதற்குத் தெரியும். ஆனால் மாணவர்களின் பழைய லேப்டாப்புக்கு அந்த வித்தை தெரியாது. அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் வேகத்தை நம்பி வாங்குவது, என் கருத்தில், காசைக் கரியாக்கும் வேலை.

அந்த வேகம் பெரும்பாலும் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கும் அதற்கு மேலும் சொல்லப்படுவது. அப்படி வைத்தால் 36, 40, 44, 48 என்ற நான்கு சேனலும் சேர்ந்து ஒன்றாகிவிடும். இவர் 20-க்குக் குறைத்து, ஆறு ஆக்சஸ் பாயிண்டுக்கும் ஆறு சேனல் கொடுத்தார். பக்கத்துப் பக்கத்துச் சுவரில் அடுத்தடுத்த எண் வராமல். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 மூன்றுதான். அதனால் மூன்று ஆக்சஸ் பாயிண்டில் அந்த ரேடியோவையே அணைத்துவிட்டார். காசு கொடுத்து வாங்கியதை ஏன் அணைக்கிறீர்கள் என்று அலுவலருக்கு மனசே ஆறவில்லை.

கீழே ஓர் இளைஞர் கேபிள் நுனியை உரித்துக்கொண்டிருந்தார். முறுக்கிய எட்டுக் கம்பிகளைப் பிரித்து, பெருவிரலால் நீவி நேராக்கி, ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம் என்று வாய்க்குள் முனகியபடி வரிசைப்படுத்தி, ஒரே வெட்டு. கனெக்டருக்குள் செருகி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, எட்டு நுனியும் முட்டியிருப்பது தெரிந்த பிறகே கிரிம்பிங் கருவியை அழுத்தினார்.

“ஸ்விட்ச் எத்தனை வாட்னு பாத்தியா?”

“முப்பது கொடுக்குதுங்ணா.”

மின்சாரமும் இதே கேபிளில்தான் போகிறது. 15.4 வாட் மட்டும் தரும் பழைய ஸ்விட்சில் மாட்டினால் சில மாடல்கள் ஆன்டெனாக்களில் பாதியை உறங்கப் போட்டுவிடும். விலைப்பட்டியலில் ஆக்சஸ் பாயிண்டைப் பார்க்கும் கண் ஸ்விட்சைப் பார்ப்பதில்லை.

கூரை உயரம் என்பதால் பக்கச் சுவரில், கீழ்நோக்கிச் சாய்த்து மாட்டினார்கள். மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர், சிக்னலை உறிஞ்சிக்கொள்ளும். பெரிய மைதானங்களில் இருக்கைக்கு அடியிலேயே வைப்பதும் உண்டு, உட்கார்ந்திருப்பவர்களே தடுப்புச் சுவராகிவிடுவார்கள் என்பதால். பிறகு மூத்தவர் எல்லாவற்றிலும் பவரைக் குறைத்தார். டப்பா கத்தினால் தூரத்துப் போனுக்குக் கேட்கும். போன் பதில் சொன்னால் டப்பாவுக்குக் கேட்காது.

வைஃபை பெயர்கள் ஐந்து இருந்தன: மாணவர், ஆசிரியர், விருந்தினர், தேர்வு, அப்புறம் முதல்வருக்கென்று ஒன்று. ஒவ்வொரு பெயரையும் ஒவ்வொரு டப்பாவும் நொடிக்குப் பத்து தடவை அறிவிக்கும், அதுவும் இருப்பதிலேயே மெதுவான வேகத்தில். ஐந்தை இரண்டாக்கினார். முதல்வருடையது பிழைத்துக்கொண்டது. 2.4-இல் 1 மெகாபிட்டாக இருந்த அடிமட்ட வேகத்தை 12 ஆக்கினார். மூலையில் இழுத்துப் பேசும் ஒரு லேப்டாப் மற்ற எல்லாருடைய நேரத்தையும் தின்னக் கூடாது.

வைஃபை படுத்தால் மாணவர்கள் போனில் ஹாட்ஸ்பாட் போடுவார்கள், நெரிசல் இன்னும் கூடும். 2010-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஐபோன் 4-ஐ அறிமுகம் செய்தபோது ஸ்டீவ் ஜாப்ஸுக்கே இது நடந்தது. அரங்கில் 570 வைஃபை நிலையங்கள் ஓடுவதாகச் சொல்லி, அணைக்கும்படி கூட்டத்திடம் கேட்க வேண்டியதாயிற்று.

போன முறை கவிழ்த்துவிட்டது ஆக்சஸ் பாயிண்ட் மட்டுமல்ல என்பது சாயங்காலம் பழைய ரவுட்டரைத் திறந்தபோது தெரிந்தது. கொடுப்பதற்கு வைத்திருந்த ஐ.பி. முகவரிகள் 253. வந்த கருவிகளோ 480 வரை. ஒரு தடவை வாங்கிய முகவரி 24 மணி நேரம் பிடியில் இருக்கும். முதலில் போன் வாங்கிக்கொண்டால் லேப்டாப்புக்கு ஏது? கோடு முழுசாகத் தெரியும், நெட் வராது. முகவரிகளை ஆயிரத்துக்கு உயர்த்தி, பிடியை இரண்டு மணி நேரமாக்க அவருக்கு நிமிஷ வேலை.

கொட்டேஷனைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். டப்பா, ஸ்விட்ச், மீட்டர் கணக்கில் கேபிள், பாயிண்டுக்கு இவ்வளவு என்று கூலி. சேனலும் பவரும் பார்த்து வைத்ததற்கு ஒரு வரி கிடையாது. “அதுக்குக் காசு கேட்டா, ‘கம்ப்யூட்டர்ல தட்டுனதுக்கா’ம்பாங்க” என்றார் மூத்தவர்.

அலுவலர் பில்லை நீட்டச் சொன்னார். வெறும் அரங்கில் எல்லாம் பறக்கிறதே, இன்னும் என்ன என்று அவருக்கு.

“240 பசங்களையும் ஒரு நாளைக்கு லேப்டாப்போட உக்கார வையுங்க சார். அதுவரைக்கும் கையெழுத்துப் போடாதீங்க.”